திணையும் திரையும்: டிஸ்னி நிறுவனத்தின் அறிவுறுத்தற் குறும்படங்கள்

பிரசாரம் என்னும் சொல் தமிழ்த் திறனாய்வில் ஒரு வசைச்சொல்லாகவே வழங்கி வருகின்றது. ஒரு பாட்டையோ கூத்தையோ திரைப்படத்தையோ பிரசாரம் என்று கூறிவிட்டால், அதற்குமேல் அதனை ஆராய்வதற்கு ஒன்றுமில்லை என்பது அச்சொல்லை ஆள்வோர் கருத்து. தமிழாராய்ச்சித் துறையில் இவ்வழக்கம் நிலைபெற்றது வியப்பிற்குரியதே. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் 11 நூல்கள் அறம் உரைப்பன. அவற்றுள் திரிகடுகம், ஏலாதி, சிறுபஞ்சமூலம் ஆகிய மூன்றும் மருந்தின் பெயரையே தம் பெயராகத் தாங்கி நிற்கின்றன. பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை, நீராடும் முறையும் உண்ணும் முறையும் கழிப்பிடத் தூய்மையும் 100 வெண்பாக்களில் உரைக்கின்றது. அறிவுறுத்தல் இலக்கியமாகாது என்பார் இவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பர் என்பதை யாம் அறியோம்.

இக்கட்டுரை ஆராயப் புகுவது தமிழ்நூல் ஒன்றனையன்று. அமெரிக்க நாட்டில் ஹாலிவுட் திரையுலகைச் சார்ந்த வால்ட் டிஸ்னி நிறுவனம், 1942 தொடங்கி ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலத்தில், அரசுத் துறைகளும் பிற அமைப்புகளும் வேண்டியவாறு செய்து கொடுத்த அறிவுறுத்தற் குறும்படங்களே ஈண்டு ஆய்வுப்பொருள். ஏழு குள்ளர் தோன்றும் பனிவெண்மையின் கதையையும் (1937), 'பாம்பி' என்னும் மான்கன்றின் கதையையும் (1942) அறிந்தோர் பலர். மலேரியா, கொக்கிப்புழு, கிணற்று நீர், குடும்பக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பற்றி அதே நிறுவனம் பத்து நிமிட அளவில் எடுத்த படங்களை அறிந்தோர் மிகச் சிலர். தமிழ்த்துறை இதழொன்றில் இவற்றிற்கு என்ன இடம் என்று வினவலாம். இப்படங்கள் தமக்கென ஒரு குறிக்கோளை வகுத்துக் கொண்டவை. எந்நாட்டு எவ்வூரிலும் எழுத்தறியாதாரும் கண்டு தெளியுமாறு ஒரு பொதுமனிதனைப் படைத்தல் வேண்டும் என்பதே அக்குறிக்கோள். பெயர் சுட்டாத பொதுமனிதனைப் படைப்பது எவ்வாறு என்னும் வினாவைத் தமிழ் அகப்பாட்டு மரபு நெடுங்காலத்திற்கு முன்பே எடுத்துக்கொண்டு விடையும் கண்டது. ஆதலின் இப்படங்களை மதிப்பிடுதற்குரிய கருவி தமிழ் மாணவர் கையில் உளது.

அகத்திணையில் தலைவனையும் தலைவியையும் இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. அந்நெறியை மட்டும் காண்போர், அகப்பாட்டு மாந்தர் எவ்விடத்தும் சாராத கருத்துருவங்கள் எனக் கொள்வதற்கு இடமுண்டு. உண்மை அதுவன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனவும், அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலாயின கருப்பொருள் எனவும் அதே இலக்கணம் வகுத்தது. பெயரை நீக்கியது, கேட்போர் எவரும் தம்மை அவ்விடத்து வைத்துக் காணும்பொருட்டு. நிலத்தை நிறுத்தியது, தம்மை வைத்துக் காண்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதன்பொருட்டு. பெயரின்மை வேறு, இடமின்மை வேறு. டிஸ்னி நிறுவனத்தார் பெயரின்மையை நன்கு கற்றனர். காலப்போக்கில் அதனோடு நிலத்தையும் சேர்த்து நீக்கிவிட்டனர். அப்படங்களின் ஏற்றமும் தாழ்வும் இவ்வொரு செய்தியைப் பற்றியே நிற்கின்றன என்பது எமது துணிபு.

எவ்வூர்க்கும் பொருந்தும் எனப்பட்ட படங்களை ஏதேனும் ஓர் ஊரில் வைத்துக் காண்பதே அவற்றை அளக்கும் முறை. யாம் பொருநைப் பள்ளத்தாக்கிலுள்ள ஆழ்வார்குறிச்சியைக் கொள்கின்றோம். நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்து, 2019இல் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அதனுட் சேர்ந்த ஊர் அது. மேற்கே மலை; மலையடியில் சிவசைலம்; அப்பக்கத்திலிருந்து இறங்கி வரும் கடனாநதி, திருப்புடைமருதூரில் தாமிரவருணியோடு கலக்கின்றது. கார், பிசானம் என இரு போகமும் நெல் விளையும் நாடு இது. வாய்க்காலும் குளமுமே ஊரின் உயிர். அம்மன் கொடைக்கும் சுடலைமாடன் கொடைக்கும் வில்லுப்பாட்டு ஒலிக்கும் நாடும் இதுவே. இவ்வூர் மக்கள்முன் இப்படங்களை வைத்தால் அவை எவ்வாறு பொருள்படும் என்பதே எம் வினா.

படங்கள் பிறந்த சூழலைச் சுருங்கக் கூறுவோம். 1941இல் டிஸ்னி நிறுவனம் இடர்ப்பட்டிருந்தது. போரினால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. பணியாளர் வேலைநிறுத்தமும் அவ்வாண்டிலேயே நிகழ்ந்தது. அந்நிலையில் நெல்சன் ராக்பெல்லர் தலைமையில் இயங்கிய, அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் நல்லுறவுக்கான அரசு அலுவலகம் அந்நிறுவனத்திற்குப் பணி அளித்தது. டிஸ்னியும் அவர்தம் ஓவியர் சிலரும் அவ்வாண்டில் தென்னமெரிக்க நாடுகளைச் சுற்றி வந்தனர். அதன் பயனாகச் சில பொழுதுபோக்குப் படங்களும், 1943 முதல் 1946 வரை வெளிவந்த உடல்நலப் படங்களின் வரிசையும் தோன்றின. ஆகவே இப்படங்கள் நாட்டு நலம் கருதிய அரசின் கொடை மட்டுமல்ல, பணமுடை நேர்ந்த கலைக்கூடத்தின் பிழைப்பும் ஆகும். இதனை ஒரு குறையாக யாம் கூறவில்லை. பரிசில் வாழ்க்கையைப் பாடிய மரபினர்க்கு இதில் இழிவு தோன்றுதற்கில்லை.

வரிசையில் முதலில் நிற்கத்தக்கது உடல்நலப் படமன்று. வரி செலுத்துமாறு அமெரிக்க மக்களுக்கு அறிவுறுத்திய 'புதிய உணர்வு' என்னும் 1942ஆம் ஆண்டுப் படம். அந்நாட்டுக் கருவூலத் துறைக்காகச் செய்யப்பெற்றது. டொனால்டு என்னும் வாத்து வானொலிப் பெட்டியின் குரலைக் கேட்கின்றது. நாட்டிற்குத் தொண்டு செய்யத் துடிக்கின்றது. வரி கட்டுவதே தொண்டு எனக் கேட்டதும் முதலில் சோர்கின்றது. பின்னர்த் தெளிந்து படிவத்தை நிரப்புகின்றது. அப்படிவத்தில் தன்னைச் சார்ந்து வாழ்வோராகத் தன் மருமக்கள் மூவரையும் குறிக்கின்றது. அம்மூவரும் டொனால்டின் உடன்பிறந்தாள் மக்கள். தமிழர் நோக்கில் இவ்வாத்து ஒரு தாய்மாமன்! எவ்விளக்கமும் இன்றி நம் ஊர்ப் பாட்டியும் அறிந்துகொள்ளும் உறவு அது. சினம், சோம்பல், பெருமிதம், குடும்பப் பொறுப்பு ஆகிய அனைத்தும் உடைய பாத்திரம் என்பதனால் அவ்வாத்தின் மனமாற்றம் பார்ப்போர் மனமாற்றமாயிற்று. இப்படத்தை ஏறத்தாழ 6 கோடி மக்கள் கண்டனர் எனவும், கருத்துக் கணிப்பில் 100க்கு 37 பேர் வரி செலுத்தும் விருப்பத்தைப் படம் தூண்டியதாகக் கூறினர் எனவும் பதிவுகள் உள. ஆயினும் படத்திற்குரிய 80,000 டாலரைத் தர அந்நாட்டுப் பிரதிநிதிகள் அவை மறுத்தது. அறிவுரைப் புலவர்க்கு எந்நாட்டிலும் பரிசில் நீட்டித்தே வரும் போலும்.

இனி உடல்நலப் படங்கள். 1943இல் வெளிவந்த கொசுப் படம் இவற்றுள் பெயர் பெற்றது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு, தேடப்படும் குற்றவாளியாக அறிவிப்புத் தாளில் காட்டப்பெறுகின்றது. நலமாக வாழ்ந்த உழவன் ஒருவன் காய்ச்சலில் விழ, அவன் நிலமும் வீடும் பாழாகின்றன. கொசுவை ஒழிக்கத் துணைவருவார் உளரோ என உரையாளர் கேட்கும்போது, பார்வையாளர் கூட்டத்திலிருந்து ஏழு குள்ளரும் எழுந்து வருகின்றனர். இவ்வுத்தி பாராட்டற்குரியது. பார்ப்போரும் பாத்திரமும் ஒரே கொட்டகையில் அமர்ந்திருந்தனர் என்னும் பாவனை, அறிவுரை மேலிருந்து கீழிறங்கும் கசப்பை நீக்குகின்றது. குள்ளர்கள் களை பறிக்கின்றனர், தேங்கிய நீரை வடிக்கின்றனர், பள்ளங்களைத் தூர்க்கின்றனர், வடியாத நீரின்மேல் எண்ணெய் தெளிக்கின்றனர், பலகணிகட்கு வலை இடுகின்றனர்.

ஆழ்வார்குறிச்சியில் வைத்துக் காணுங்கால் இவற்றுள் ஒரு சொல் இடறுகின்றது. அது தூர்த்தல் என்பது. நம் நாட்டில் குளம் தொடுதல் அறம். குளத்தைத் தூர் வாருதல் ஊர்ப்பணி. குளத்தைத் தூர்த்தல் பழி. ஒரே சொல்லடி, ஒருபக்கம் அறமாகவும் ஒருபக்கம் பழியாகவும் கிளைத்து நிற்கின்றது. கார் அறுவடைக்கும் பிசான நடவிற்கும் இடையில் குளத்தின் நீர்மட்டத்தை நோக்கி வாழும் உழவனிடம், தேங்கிய நீர் பகை என்று கூறினால் அவன் நகையாடுவான். அவன் அறிவிலி என்பதனாலன்று. தேங்கிய நீரே அவன் செல்வம் என்பதனால். வீட்டு முற்றத்துக் குழியில் நின்ற நீர் வேறு, மடையும் கலிங்கும் உடைய குளத்து நீர் வேறு எனப் பகுத்துக் காட்டினால் அவன் உடனே இசைவான். குள்ளர்கள் வாழும் தேவதைக் கதைக் காட்டில் பாசனக் குளம் இல்லை. ஆதலின் அப்பகுப்பும் படத்தில் இல்லை. சொல்லப்பட்ட மருத்துவம் சரியே. அது விழுவதற்குரிய நிலம் மட்டும் வரையப்படவில்லை.

அதே ஆண்டில் வெளிவந்த தண்ணீர்ப் படம் இதனினும் சிறந்தது என்பது எம் மதிப்பீடு. நண்பனா பகைவனா என்னும் வினாவைத் தலைப்பாகக் கொண்ட அப்படத்தில் தண்ணீரே தன்மையிடத்தில் நின்று பேசுகின்றது. மலையில் தூயதாகப் பிறந்த நீர், மக்கள் வாழுமிடத்தை அடைந்து அழுக்கேறி, வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் சுமந்து செல்லும் வரலாற்றைத் தானே உரைக்கின்றது. பின்னர்க் கிணற்றை எவ்வாறு கட்டுதல் வேண்டும், கழிப்பிடத்திலிருந்து எவ்வாறு விலக்குதல் வேண்டும், நீரை ஏன் காய்ச்சுதல் வேண்டும் என்பவற்றைக் கூறுகின்றது. பேசுவோன் மனிதன் அல்லன். ஆயினும் அவனுக்கு மலை உண்டு, சரிவு உண்டு, ஊர் உண்டு. முதற்பொருள் முற்றும் நிறைந்த படம் இது. ஆற்றுப்படலத்தில் தொடங்கி நாட்டுப்படலத்தில் இறங்கும் காப்பியங்களைப் பயின்ற நமக்கு இவ்வமைப்பு அயலானதன்று. கடனாநதியின் மேற்பகுதியில் நின்று கீழ்நோக்கிக் காண்பவர் எவரும் இப்படத்தைத் தம் ஊர்ப்படம் என்றே கொள்வர். பெயர் ஒன்றும் இல்லாமலேயே ஒரு படம் எல்லா ஊர்க்கும் உரியதாகலாம் என்பதற்கு இதுவே சான்று.

மக்காச்சோளத்தைப் பற்றிய படமும் 1943இல் எழுந்ததே. அமெரிக்கப் பழங்குடியினர் வேட்டையை விட்டு வேளாண்மைக்கு வந்த வரலாற்றில் தொடங்கிப் புதுவகை விதைகளை உண்டாக்கும் முறைவரை செல்கின்றது. பிற்பகுதியில் தொழிற்சாலை விளம்பரம் போல ஆகிவிடுகின்றது. முற்பகுதி ஒரு தானியத்தைக் கருப்பொருளாக வைத்து ஒரு கண்டத்தின் வாழ்வையே எழுதிக் காட்டுகின்றது. நெல்லைப் பற்றி இத்தகைய படம் ஒன்றை அக்கலைக்கூடம் எடுத்திருந்தால் எப்படியிருக்கும் என எண்ணாமல் இருக்க இயலவில்லை.

1945ஆம் ஆண்டு முதல் இவ்வரிசையில் ஒரு தளர்ச்சி தோன்றுகின்றது. கவலையற்ற சார்லி என்னும் ஒருவன் படத்துக்குப் படம் வந்து, செய்யத் தகாதன எல்லாம் செய்து நோயுறுகின்றான். தூய்மை பற்றிய படத்தில் தூய்மையான குடும்பம் ஒன்றும் தூய்மையற்ற குடும்பம் ஒன்றும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. தூய்மையற்ற குடும்பத்தார் ஏன் அவ்வாறு வாழ்கின்றனர் என்பதற்குக் கவலையின்மை ஒன்றே காரணமாகக் காட்டப்படுகின்றது. கிணறு தொலைவில் உளதோ, நிலம் பிறர்க்கு உரியதோ, கூலி போதாதோ என்னும் வினா எழுவதேயில்லை. எழுத்தறிவிக்கும் நோக்குடன் எடுக்கப்பெற்ற சில படங்களில் ஹோசே, ரமோன் எனப் பெயர்களும் சூட்டிப் பார்த்தனர். பெயர் வந்தும் ஊர் வரவில்லை. ஒருவனுக்கு ஹோசே எனப் பெயரிட்டதனால் மட்டும் அவன் மெக்சிக்கோ நாட்டான் ஆகிவிட மாட்டான்.

நம் ஆசாரக்கோவையும் இக்குற்றத்திற்கு முற்றும் விலக்கன்று என்பதை நடுநிலை கருதிக் கூறுதல் வேண்டும். அதுவும் விதிகளை அடுக்குகின்றது. ஏன் என்பதைப் பலவிடத்தும் கூறாது விடுகின்றது. விளக்குவதில் டிஸ்னி படங்கள் அதனை வென்றன. கொக்கிப்புழுவின் முட்டை மண்ணில் பொரித்து, புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து, குருதி வழியே சென்று குடலைப் பற்றுவதை 1945ஆம் ஆண்டுக் கொக்கிப்புழுப் படம் கோடுகளாலேயே காட்டிவிடுகின்றது. அம்மைக் குத்துதலைப் பற்றிய 1943ஆம் ஆண்டுப் படத்தில் உடல் ஒரு நகரமாகவும் நோய் படையெடுப்பாகவும் விரிகின்றன. கண்ணுக்குப் புலனாகாததைப் புலனாக்குதல் சித்திரப்படத்திற்கே உரிய ஆற்றல். பாட்டாலும் உரையாலும் இதனை இத்துணை விரைவில் செய்தல் அரிது. மலையடிவாரத்து வயலில் வெறுங்காலோடு நடவு செய்தோர்க்கு இவ்வொரு காட்சி பல சொற்பொழிவுக்கு ஈடாகும்.

டிஸ்னி கலைக்கூடத்தின் கைவண்ணம் நேராக இந்தியாவிற்கு வந்தது ஒருமுறை. 'பாம்பி' படத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்னும் ஓவியர், 1956இல் பம்பாயிலிருந்த இந்திய அரசின் திரைப்படப் பிரிவிற்கு வந்து சித்திரப்படக் கலையைப் பயிற்றினார். புத்த சாதகக் கதையைத் தழுவிய 'ஆலமர மான்' என்னும் படம் 1957இல் அதன் பயனாக வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அறிவியற் பட்டம் பெற்ற ராம் மோகன் அப்பயிற்சியில் உருவானவர். பிற்காலத்தில் இந்தியச் சித்திரப்படத் துறையின் முன்னோடியாக மதிக்கப்பெற்றார். கலைஞன் ஓர் ஊரில் வந்து தங்கிக் கதையை அவ்வூரிலிருந்தே எடுத்துக்கொண்டால் அதே தொழில்நுட்பம் வேறு பயன் தரும் என்பதற்காக இதனைக் குறித்தோம். அடுத்து வரும் படம் அவ்வாறு பிறந்ததன்று.

1967இல் நியூயார்க்கிலுள்ள பாப்புலேஷன் கவுன்சில் என்னும் அமைப்புக்காக டிஸ்னி நிறுவனம் குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் ஒன்றைச் செய்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா ஆகிய கண்டங்களின் மக்களுக்கென எடுக்கப்பெற்றுப் பல மொழிகளில் வழங்கப்பெற்றது. 1952இலேயே குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக மேற்கொண்ட இந்தியாவில், அக்காலத்தில் சிவப்பு முக்கோணம் ஊர்ச்சுவர்தோறும் எழுதப்பெற்றிருந்தது. இரண்டு அல்லது மூன்று போதும் என்பது அரசின் முழக்கம். டிஸ்னி படமும் மூன்று மக்களைக் கொண்ட குடும்பத்தையே மகிழ்ச்சிக் குடும்பமாகக் காட்டுகின்றது. அக்குடும்பத்தின் வீட்டில் வானொலிப் பெட்டி இருக்கின்றது. மக்கள் மிகுந்த குடும்பத்தின் வீட்டில் அது இல்லை, உணவும் குறைவு.

படம் உலகத்து உயிரினங்களின் பிறப்பு இறப்புச் சமநிலையில் தொடங்கி, மனிதனிடம் வருகின்றது. அம்மனிதன் எல்லா இனத்திற்கும் பொதுவானவன் எனப் படமே அறிவிக்கின்றது. பல நாட்டு முகங்களைக் கலந்து செய்த முகம் அவனுடையது. உடை எந்நாட்டினது எனக் கூற இயலாது. பின்னணியில் வயல் போன்ற ஒன்றும் வீடு போன்ற ஒன்றும் உள்ளன. விளைவது நெல்லோ கோதுமையோ, காலம் மழையோ கோடையோ தெரியவில்லை. அவனுக்குத் தாய் இல்லை, மாமியார் இல்லை, அண்ணன் தம்பியர் இல்லை, கோயில் இல்லை, கடன்கொடுத்தவன் இல்லை. மக்கட்பேற்றைப் பற்றி ஓர் ஊரில் எவர் எவரெல்லாம் பேசுவாரோ அவர் ஒருவரும் இப்படத்தில் இல்லை. ஆழ்வார்குறிச்சியில் ஒரு வீட்டில் எத்தனை பிள்ளை என்பதைக் கணவனும் மனைவியும் மட்டும் முடிவு செய்ததுண்டா? முதற்பொருளும் கருப்பொருளும் நீங்கிய இடத்தில் உரிப்பொருள் மட்டும் தனியே நிற்குமா என்னும் வினாவிற்கு இப்படம் விடை தருகின்றது, நிற்கவில்லை.

டொனால்டு வாத்தும் இப்படத்தில் உண்டு. ஆயின் அது 1942இல் கண்ட வாத்தன்று. ஓவியப் பலகையைத் தூக்கி வந்து நிறுத்துகின்றது. உரையாளர் சொல்லும் படங்களைத் தூரிகையால் எழுதுகின்றது. சில வேடிக்கைகள் செய்கின்றது. மருமக்கள் மூவரும் ஈண்டு இல்லை. வரிப்படத்தில் தாய்மாமனாக நின்றது குடும்பப் படத்தில் குடும்பம் இழந்து நிற்பது விந்தையிலும் விந்தை. மணமாகாது மருமக்கள் மூவரை வளர்க்கும் ஒருவன், பிள்ளை வளர்ப்பின் செலவையும் தொல்லையையும் தன் வாயால் சொன்னால் அதற்கு எதிர்வாதம் உண்டோ! அந்த வாய்ப்பைப் படம் எடுத்தோர் கைவிட்டனர். தம் நாட்டு மக்களிடம் பேசுங்கால் தேவைப்பட்ட குணமும் உறவும், பிற நாட்டு மக்களிடம் பேசுங்கால் தேவையற்றனவாகத் தோன்றின போலும்.

எவர் மனமும் புண்படலாகாது, ஒரு படமே பல நாட்டிற்கும் பயன்படல் வேண்டும் என்னும் கட்டாயத்தில் செய்த படத்தை இவ்வாறு குறை கூறுதல் பொருந்துமா எனின், பொருந்தும் என்போம். தண்ணீர்ப் படமும் பல நாட்டிற்காகவே எடுக்கப்பெற்றது. செலவைச் சுருக்குவதற்கு நிலத்தை நீக்குவது ஒன்றே வழி என்னும் எண்ணத்தை அப்படமே மறுத்துவிடுகின்றது.

இதே பணியைப் பொருநை நாட்டில் வில்லுப்பாட்டும் மேற்கொண்டது. கொடைவிழாவிற்குரிய கதைகளைப் பாடிய அக்கலை, இருபதாம் நூற்றாண்டில் நாட்டு விடுதலை, மதுவிலக்கு, கல்வி, வேளாண்மை, குடும்பக் கட்டுப்பாடு எனப் புதுப்பொருள்களை ஏற்றது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் வளர்ந்தவர். கொத்தமங்கலம் சுப்பு காந்தியடிகள் வரலாற்றை வில்லில் பாடினார். திருநெல்வேலியை அடுத்த சத்திரப் புதுக்குளத்தில் 1928இல் பிறந்து, கலைவாணரால் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பெற்ற சுப்பு ஆறுமுகம், 2022இல் மறையும்வரை இக்கலையைச் சமூகப் பொருள்களுக்கு உரிய கருவியாகக் கையாண்டார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

வில்லுப்பாட்டின் அமைப்பே நிலத்தை விட்டு விலக இடந்தருவதன்று. நடுவில் அமர்ந்த புலவர் வீசுகோலால் வில்லின் நாணை அடித்துப் பாட, குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் துணைநிற்க, பின்பாட்டுக்காரர் ஆமாம் போடுவர். இந்த ஆமாம் வெறும் ஒத்தூதல் என எண்ணுதல் கூடாது. அது சிலபோது ஐயமாகும், சிலபோது ஏளனமாகும், சிலபோது அப்படியா என்னும் வினாவாகிப் புலவரை நிறுத்திவிடும். அவையிலுள்ளோர் மனத்தில் எழும் மறுப்பை அவர்க்கு முன்னரே எழுப்புவது பின்பாட்டின் கடமை. டிஸ்னி படத்தில் டொனால்டு செய்திருக்க வேண்டிய பணியும் அதுவே. அன்றியும், காப்பும் அவைவணக்கமும் முடிந்ததும் கதை நிகழும் நாட்டின் வளத்தைப் பாடியே புலவர் கதைக்குள் புகுவார். முத்துப்பட்டன் கதையைக் கேட்டோர் இதனை அறிவர். காதலும் சாதியும் சாவும் அக்கதையின் உரிப்பொருள். மலைச்சரிவும் மாட்டுக்கிடையும் இல்லையேல் அவற்றுள் ஒன்றும் நிகழாது. பாபநாசத்து மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் முத்துப்பட்டனுக்கு வழிபாடு உண்டு என்பதை நோக்க, நிலத்தோடு கதை எத்துணை ஒன்றியது என்பது புலனாகும்.

வில்லுப்பாட்டின் அறிவுறுத்தற் பாட்டுகள் அனைத்தும் சிறந்தன என்று யாம் கூறவில்லை. திட்ட அறிக்கையைச் சந்தத்தில் அடக்கியதற்கு மேல் ஒன்றும் செய்யாத பாட்டுகளும் உண்டு; அவை சார்லியின் உடன்பிறப்புகளே. ஆயினும் சிறந்தவற்றையும் அல்லாதவற்றையும் பிரித்தறிய நம்மிடம் பாடம் இருத்தல் வேண்டுமல்லவா? நா. வானமாமலை 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தார். அவர்வழி வந்தோர் பழங்கதைகள் பலவற்றை அச்சேற்றினர். குடும்பக் கட்டுப்பாட்டுப் பாட்டையும் உரமிடும் பாட்டையும் தொகுத்துப் பதிப்பிக்கும் ஆர்வம் அதே அளவில் எழவில்லை. அவை பிரசாரம் என்பதே காரணம். முன்பு கூறிய வசைச்சொல் செய்த வேலை இது. போர்க்காலத்து டிஸ்னி படங்களோ 2004இல் தொகுக்கப்பெற்றுக் குறுந்தகடுகளாக வெளிவந்தன. கொசுப் படமும் தூய்மைப் படமும் சோளப் படமும் அவற்றுள் அடங்கும். நிலமற்ற படங்கள் காப்பகம் பெற்றன. நிலமுடைய பாட்டுகள் பாடினோர் நினைவளவில் நின்றன. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கங்களில் இன்றுள்ள மூத்த புலவர்களிடமும் பின்பாட்டுக்காரர்களிடமும் இப்பாட்டுகளைக் கேட்டுப் பதிவு செய்தல், முதுகலை மாணவர் இருவர் மூவர் ஓராண்டில் செய்து முடிக்கக்கூடிய பணியே.

அவ்வாறு தொகுப்போர் நோக்கற்குரிய ஒரு செய்தி 1967ஆம் ஆண்டுப் படத்தில் உளது. அப்படத்தில் மனைவிக்கு ஐயங்கள் உண்டு. கணவனைவிட மிகுதியாகவும் உண்டு. ஆயின் அவள் அவற்றை உரையாளரிடம் நேரே கேட்பதில்லை. கணவன் காதில் மெல்ல ஓதுகின்றாள். அவன் உரத்துக் கேட்கின்றான். படம் எடுத்தோர் இதனைக் கீழைநாட்டுப் பெண்ணின் நாணம் என மதித்திருத்தல் கூடும். அகப்பாட்டில் தலைவிக்குத் தோழி உண்டு. தோழியிடம் அவள் வாய்விட்டுப் பேசுவாள். இப்படத்து மனைவிக்கோ தோழியும் இல்லை. வில்லுப்பாட்டு மேடையில் பெண்களும் வீசுகோல் ஏந்திப் பாடியுள்ளனர். குமரி நாட்டுப் பூங்கனி 2018இல் மறையும் முன் இக்கலையின் புகழ்பெற்ற புலவராக விளங்கினார். குடும்பக் கட்டுப்பாட்டைப் பெண் புலவர் ஒருவர் வில்லில் பாடியபோது அவ்வையங்களை எவ்வாறு எழுப்பினார், ஆமாம் போட்டவர் யார், அவையிலிருந்த பெண்கள் எவ்விடத்து நகைத்தனர் என்பவை பதிவு செய்வோர் முதற்கண் கேட்க வேண்டிய வினாக்கள்.